பரியாரியாரும் பட்டதாரியும்: உரும்பிராய்ச் சந்தியிலிருந்து ஓர் ஒப்பாய்வு

உரும்பிராய்ச் சந்தியில் பலாலி வீதியை மானிப்பாய்–கைதடி வீதி குறுக்கே வெட்டிப் போகிறது. மேற்கே திரும்பி அந்த வீதி முடியுமட்டும் போனால் மானிப்பாய். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்த ஊர் அது. கிழக்கே கோப்பாய் தாண்டி நீரேரியைக் கடந்தால் கைதடி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984இல் தொடங்கிய சித்த மருத்துவப் படிப்பும் சித்த போதனா வைத்தியசாலையும் அங்கே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் செம்மண்ணும் கிணறும் வாழையும் வெங்காயப் பாத்தியுமாக உரும்பிராய்.

இந்தச் சந்தியில் நிற்கும் நோயாளிக்கு மூன்று வழிகள் உண்டு. பலாலி வீதியால் தெற்கே போனால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. கிழக்கே போனால் பட்டம் பெற்ற சித்த வைத்தியர். எங்கும் போகாமல் ஒழுங்கைக்குள் இறங்கினால், ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த பரியாரியார். முதலாவது வழியைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். பின்னிரண்டும் ஒரே வேலியில் பிடுங்கிய மூலிகையை நம்பியவை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்போர் ஒரு பக்கம். பட்டதாரி வந்தபின் பரியாரிக்கு என்ன வேலை என்று கேட்போர் மறுபக்கம். இரு கூற்றும் சரியில்லை என்பது என் எண்ணம். அதற்காகவே இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ‘பரியாரியார்’ என்று இங்கே குறிப்பது தனி ஒருவரை அன்று. பரம்பரையாகக் கற்று, தோட்டமும் செய்து, வீட்டுத் திண்ணையில் வைத்தியம் பார்த்த ஒரு வகையினரை. ‘பட்டதாரி’ என்பதும் அப்படியே. பரிகாரம் செய்பவர் பரிகாரி. அதுவே யாழ்ப்பாணத்து வாயில் பரியாரி ஆயிற்று. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இதே சொல் முடி திருத்துவோரைக் குறிக்கும். அங்கும் அவர்கள் முன்னாளில் கட்டியை அறுத்து மருந்து கட்டியவர்களே. சொல் எங்கே போய் நின்றாலும், அதன் வேரில் நிற்பது கைத்தொழில்.

படித்த விதம்

பரியாரியார் படித்தது வீட்டில். தகப்பன் அரைக்கும்போது பக்கத்தில் இருந்து, பேரன் சொல்லும்போது கேட்டு, பிடுங்கி வரச் சொன்ன செடியைப் பிழையாகப் பிடுங்கி ஏச்சு வாங்கி, பத்துப் பதினைந்து வருடத்தில் கை தேறிய படிப்பு. பாடப் புத்தகம் ஏடு. யாழ்ப்பாண அரசர்களின் பட்டப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்ற இரு வைத்திய நூல்களும் இந்த மண்ணில் எழுந்தவை. சுன்னாகம் வரத பண்டிதரின் அமுதாகரம் விஷ வைத்தியம் சொல்லும் நூல். இவை எல்லாம் செய்யுள். மனனம் செய்ய வசதி. வெளியாள் படித்தால் விளங்காது. சித்தர் மரபின் பரிபாஷையும் சேர்ந்துவிட்டால், சொல் ஒன்று, சரக்கு வேறொன்று. சரக்கின் பேரைத் தெரிந்தவன் அளவைத் தெரியாமல் கைவைத்துவிடக் கூடாது என்பது இந்த மறைப்புக்கு ஒரு நியாயம். தொழில் குடும்பத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்பது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தை வெளியே சொல்வார் குறைவு.

இந்தப் பூட்டை முதலில் உடைத்தது பல்கலைக்கழகம் அன்று, அச்சுக்கூடம். உரும்பிராய்க்கு வடக்கே சில மைல் தூரத்தில் உள்ள ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை 1920களின் பிற்பகுதியிலிருந்து 1930கள் வரை பரராசசேகரத்தைப் பகுதி பகுதியாகப் பதிப்பித்தார். செகராசசேகரமும் அவர் கையால் அச்சேறியது. ஒரு குடும்பத்துப் பெட்டியில் கிடந்தது ஊரின் சொத்தாயிற்று. அச்சேறாமல் பெட்டிகளிலேயே தங்கியவற்றின் கதை வேறு. 1981 ஜூன் முதல் நாளுக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் போயின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. அன்றைக்குத் தென்மராட்சி நோக்கி நடந்தவர்கள் பிள்ளையையும் உடுப்பையும் தூக்கினார்கள். ஏட்டுக்கட்டைத் தூக்கியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்? திரும்பி வந்தபோது கூரையே இல்லாத வீடுகள் இருந்தன.

பட்டதாரி படித்தது வேறு விதம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தேறி, பல்கலைக்கழக அனுமதி பெற்று, ஐந்து வருடம் படித்து, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி முடித்து, பி.எஸ்.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் பட்டத்தோடு வெளியே வருகிறார். குணபாடமும் நோய்நாடலும் நஞ்சுநூலும் படித்தார். அதே கையோடு உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் படித்தார். பரீட்சை எழுதினார், பிழை விட்டால் புள்ளி குறைந்தது. எந்தக் குடும்பத்துப் பிள்ளையும், குறிப்பாக எந்தக் குடும்பத்துப் பெண் பிள்ளையும், இப்படிப்பில் சேரலாம். பரம்பரை முறையில் மகளுக்குச் சமையல் பத்தியமும் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறியும் போய்ச் சேர்ந்தன. நாடி பிடிக்கும் உரிமை மகனிடமே நின்றது. இந்த ஒன்றுக்காகவே பட்டத்தை வரவேற்கலாம்.

படிப்பின் அகலத்தில் பட்டதாரி முந்துகிறார். ஆழத்தில் எப்படி என்பதற்கு வேலிக்குப் போக வேண்டும்.

வேலியில் நின்றால்

யாழ்ப்பாணத்து வேலி ஒரு மருந்துக்கடை. கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களில் முடக்கொத்தானும் தூதுவளையும் மொசுமொசுக்கையும் வேலிப்பருத்தியும் படர்ந்திருக்கும். வேலியடியில் குப்பைமேனி. கிணற்றடியின் ஈரத்தில் வல்லாரை. வெங்காயப் பாத்திக்குள் களையாக முளைப்பதில் கீழ்க்காய்நெல்லி இருக்கும். தமிழ்நாட்டார் கீழாநெல்லி என்பது இதைத்தான். பரியாரியாருக்கு இதில் ஒவ்வொன்றும் ஆளைப் போலத் தெரியும். மாரிக்கு முளைத்ததற்கும் வைகாசி வெயிலில் காய்ந்து நின்றதற்கும் வீரியம் வேறு என்பார். எந்த வளவில் எது நிற்கிறது என்பது அவர் மனதில் எழுதிய வரைபடம்.

பட்டதாரி இதே செடிகளைத் தாவரவியல் பெயரோடு படித்திருக்கிறார். மூலிகைத் தோட்டத்தில் பெயர்ப்பலகையோடு பார்த்திருக்கிறார். ஆனால் வைத்தியசாலையில் அவர் கைக்கு வருவது பெரும்பாலும் காய்ந்த சரக்கு, சூரணம், போத்தல். காய்ந்து நொறுங்கிய வேர்த் துண்டைப் பார்த்து அது எந்தச் செடி என்று சொல்வது பச்சைச் செடியைச் சொல்வதைவிடப் பல மடங்கு கடினம். சந்தையில் மாறிப் போகும் சரக்குகளும் தெரிந்தவையே. மூக்கிரட்டை வேருக்குப் பதில் சாரணை வேர் வரும். வடஇந்தியாவில் ‘பிராமி’ என்ற ஒரு பெயருக்கு ஒருவர் நீர்ப்பிரமியைக் கொடுப்பார், மற்றவர் வல்லாரையைக் கொடுப்பார்.

பெயர் மாறினால் என்ன நடக்கும் என்பதை உலகம் பெல்ஜியத்தில் கண்டது. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸில் உடல் மெலிவதற்குச் சீன மூலிகைக் குளிசை எடுத்த பெண்களில் நூறுக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதாகியது. பின்னர் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. விசாரித்தபோது, சேர்க்க வேண்டிய வேருக்குப் பதிலாகச் சீனப் பெயரில் அதற்கு நெருங்கிய அரிஸ்டோலோக்கியா இன வேர் கலந்திருந்தது தெரியவந்தது. அதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது இன்று ஐயமில்லாமல் நிறுவப்பட்ட உண்மை.

இது எங்களுக்கு அந்நியமான கதை அன்று. ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா குடும்பத்துச் செடிகள். இரண்டும் எங்கள் மரபு மருந்துகளில் உள்ளவை. ஈசுரமூலி பாம்புக்கடிக்குப் பேர்போனது. பரியாரியாருக்கு அந்தச் செடி தப்பாமல் தெரியும். ஆனால் அதைத் தின்ற சிறுநீரகம் பல வருடம் கழித்துப் பழுதாகும் என்பது தெரிய வழியில்லை. நேற்றுக் கொடுத்த மருந்துக்கும் பத்து வருடம் கழித்து வந்த நோய்க்கும் உள்ள தொடர்பை ஒரு ஆள், ஒரு ஊர், ஒரு ஞாபகம் கண்டுபிடிக்காது. பட்டதாரிக்கு இந்த ஆய்வுகளைப் படிக்க வழி உண்டு. பொடியாக வந்த சரக்கில் அது கலந்திருந்தால் கண்ணால் பிடிப்பது கடினம். செடியை அறிந்தவருக்கு ஆபத்துத் தெரியவில்லை. ஆபத்தை அறிந்தவருக்குச் செடி தெரியவில்லை. இந்த ஒப்பாய்வு முழுவதையும் இந்த இரண்டு வசனத்துக்குள் அடக்கிவிடலாம்.

நோயைக் கேட்கும் முறை

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்த்து நோய் கணிப்பது சித்த வைத்திய மரபு. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் எது கூடியது, எது குறைந்தது என்பது அதன் கணக்கு. இதில் இருவருக்கும் பேதமில்லை. பட்டதாரி இதோடு இரத்த அழுத்தமும் பார்ப்பார். சீனி எவ்வளவு என்று இரத்தப் பரிசோதனைத் துண்டும் கேட்பார்.

வித்தியாசம் வேறொரு இடத்தில் வருகிறது. பரியாரியாரிடம் போகிறவருக்கு முறைப்பெயர் உண்டு: இன்னாரின் மகன், இன்னாரின் மருமகள். தகப்பனுக்கு இழுப்பு இருந்தது, பேரனுக்கும் இருந்தது என்பது கேட்காமலே தெரியும். எந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிகிறது, எந்த வீட்டில் குடி இருக்கிறது என்பதும் தெரியும். ஆகவே பத்தியம் சொல்லும்போது அந்த வீட்டால் முடிந்ததைச் சொல்வார். பத்தியம் என்பது உண்மையில் மருந்தின் பாதி. முடியாத பத்தியம் சொன்னால் மருந்தும் பாதியில் நிற்கும்.

அரச வைத்தியசாலையிலும் பிரதேச சபை மருந்தகத்திலும் இருக்கும் பட்டதாரிக்கு முன்னால் காலையில் வரிசை நிற்கும். ஒருவருக்குச் சில நிமிடம். இடமாற்றம் வரும்; போவார். அவர் இடத்துக்கு வருபவர் முதலிலிருந்து கேட்பார். நோயாளியின் கொப்பி அவரிடம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதுவுமில்லை. ஒருவரையே முப்பது வருடம் பார்க்கும் கொடுப்பினை அவருக்குக் கிடைப்பதில்லை. இது அவர் குறையன்று. வேலை அமைந்த விதத்தின் குறை.

ஆனால் அறிந்த முகம் என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஊரே தெரிந்த பரியாரியாரிடம் சொல்ல முடியாத நோய்கள் உள்ளன. திருமணம் பேசும் வயதுப் பிள்ளையின் காக்கைவலி, பெண்ணின் வெள்ளைபடுதல், ஆணின் பலவீனம், மனநோய்: இவற்றை முன்பின் தெரியாத ஒரு டொக்டரிடம் சொல்வது சுலபம். பட்டதாரி பெண்ணாக இருந்தால் பெண்களுக்கு இன்னும் சுலபம்.

மருந்து யார் கையில்

பரியாரியார் தானே பிடுங்கி, தானே இடித்து, தானே காய்ச்சினார். எட்டுக்கு ஒன்றாக வற்றக் காய்ச்சு என்றால் அடுப்படியில் நின்று வற்றவிட்டார். கையளவு, விரற்கடை, புளியங்கொட்டைப் பிரமாணம் என்று அளந்தார். நோயாளியின் மெலிவையும் வயதையும் பார்த்துக் கூட்டினார், குறைத்தார். மருந்து செய்தவரும் கொடுத்தவரும் ஒருவரே என்பதால் பழியும் ஒருவருக்கே. ஆனால் இன்று செய்த குடிநீரும் அடுத்த மாதம் செய்யும் குடிநீரும் ஒரே வீரியமாக இருக்கும் என்று அவராலும் உறுதி சொல்ல முடியாது.

பட்டதாரி பெரும்பாலும் பிறர் செய்த மருந்தைக் கொடுக்கிறார். இலங்கை ஆயுள்வேத மருந்துக் கூட்டுத்தாபனம் 1969இல் தொடங்கியது. தனியார் கம்பனிகளும் உண்டு. போத்தலில் திகதி இருக்கும், தொகுதி இலக்கம் இருக்கும். ஒரு தொகுதியில் பிழை வந்தால் திருப்பி எடுக்கலாம். தனியாக அரைப்பதில் இந்த வசதி இல்லை. அதேநேரம் ஒரே போத்தலில் வரும் மருந்து ஒரே ஆளுக்கென்று அளந்ததன்று. அதிமதுரம் போன்ற சரக்குகள் எங்கள் மண்ணில் விளையாதவை. கப்பலில் வர வேண்டும். 1990க்குப் பின் பொருளாதாரத் தடை விழுந்து, பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் வெளிச்சரக்கு எவ்வளவு நிச்சயமற்றது என்பதைக் குடாநாடு படித்துக்கொண்டது. வேலியில் நின்ற ஆடாதோடைக்கும் துளசிக்கும் எவரும் தடை போட முடியவில்லை.

கூலி

தொழில் என்றால் அதால் சீவிக்க வேண்டும். அந்தக் கணக்கில் பரியாரியார் பாதித் தொழிலாளி. தோட்டம் சோறு போட்டது. வைத்தியம் மரியாதை தந்தது. ‘இவ்வளவு தா’ என்று கேட்பது இழுக்கு என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. வெற்றிலையில் வைத்துக் கொடுத்ததை எண்ணாமல் வாங்குவதும், சுகம் வந்தபின் ஒரு வாழைக்குலையோ நெல்லோ வீட்டுக்கு வந்து சேர்வதும் வழக்கம். இதைப் புகழ்ந்து எழுதுவது சுலபம். இந்த முறையே தொழிலை அழித்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தோட்டம் இருந்தவனால்தான் கேட்காமல் வைத்தியம் செய்ய முடிந்தது. காணி பிரிந்து, பிள்ளைகள் படித்து, பலர் கனடாவுக்கும் லண்டனுக்கும் போன பிறகு, சம்பளமில்லாத மரியாதைக்காக எந்த மகன் உலக்கையைப் பிடிப்பான்?

பட்டதாரிக்குத் தொழில் முழுநேரம். அரச நியமனம் கிடைத்தால் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. கிடைக்காவிட்டால் நிலைமை கடினம். சித்த, ஆயுள்வேத, யூனானிப் பட்டதாரிகள் நியமனம் கேட்டு வீதிக்கு வந்த காட்சி இலங்கையில் புதிதன்று. தனியே மருந்தகம் வைத்தால், ‘இலைமருந்துக்கு இவ்வளவு காசா?’ என்று கேட்கும் சனம் எதிரே நிற்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு வருபவரும் இங்கே இருநூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவார். பரியாரியார் வாங்காமல் விட்ட கூலியின் கடனைப் பட்டதாரி கட்டிக்கொண்டிருக்கிறார்.

சட்டத்தின் கண்ணில்

இலங்கையில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் ஆயுள்வேதம் என்ற சொல்லுக்குள் சித்தத்தையும் யூனானியையும் சுதேச வைத்தியத்தையும் அடக்குகிறது. அதன் கீழ் அமைந்த ஆயுள்வேத மருத்துவ சபை, பட்டதாரிகளை மட்டுமன்றிப் பரம்பரை வைத்தியர்களையும் பதிவு செய்கிறது. பாம்புக்கடி, முறிவு நெரிவு, கண் வைத்தியம் போன்ற ஒரு துறையில் மட்டும் தேர்ந்தவருக்கும் அதில் இடமுண்டு. தெரிந்ததற்கு உரிமம், தெரியாததற்கு இல்லை என்பது நல்ல அறிவு. இந்தியாவின் பாதை வேறு. அங்கே 1970ஆம் ஆண்டின் மத்திய சட்டம் பட்டப்படிப்பை வாசலாக்கியது. 2018 ஏப்ரலில், கேரளப் பரம்பரை வைத்தியர்களின் வழக்கில், அங்கீகரித்த தகுதியில்லாதவர் வைத்தியத் தொழில் செய்ய முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் உறவினர் பலர் வாழும் பிரித்தானியாவிலோ மூலிகை வைத்தியர்களின் தேசியக் கழகம் 1864இலிருந்து இருக்கிறது. ஆனால் அரசு நடத்தும் கட்டாயப் பதிவேடு இன்றுவரை இல்லை. கழகத்தில் சேராதவரும் ‘மூலிகை வைத்தியர்’ என்று பலகை போடலாம்.

மூன்றையும் வைத்துப் பார்த்தால் இலங்கைச் சட்டம் நடுவழி. அது பரியாரியாரை வெளியே தள்ளவில்லை. ஆனால் பதிந்த பிறகு அவர் என்ன கற்கிறார், யாருக்குக் கணக்குச் சொல்கிறார் என்ற கேள்வியை ஊரின் தீர்ப்புக்கே விட்டுவிட்டது.

செங்கமாரி என்ற பரீட்சை

இருவரையும் தராசில் வைக்க ஒரு நோய் போதும்: செங்கமாரி. கண் மஞ்சளாகி, சலம் மஞ்சளாகி, சாப்பாடு பிடிக்காமல் வரும் ஆளுக்குக் கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலிலோ மோரிலோ கொடுத்து, எண்ணெயும் உப்பும் புளியும் நிறுத்தி, சில கிழமையில் கண் வெளுத்துவிட்டது என்று கேள்விப்படாத வீடு யாழ்ப்பாணத்தில் இராது. பரியாரியாரின் பெயர் எழுந்ததே இந்த நோயில்தான்.

ஆனால் கறாராகக் கேட்டால் ஒரு சிக்கல் வருகிறது. அழுக்குத் தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவும் ஹெப்பரைற்றிஸ் ஏ என்ற ஈரல் அழற்சி, மருந்து ஒன்றுமில்லாமலே பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளில் மாறிவிடும். ஆகவே கண் வெளுத்தது கீழ்க்காய்நெல்லியாலா, காலத்தாலா? பரியாரியாரால் சொல்ல முடியாது. மருந்து குடியாமல் மாறியவர் அவரிடம் வரவில்லை. மருந்து குடித்தும் மோசமானவர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து கும்பிட்டவர்களை மட்டுமே அவர் ஞாபகம் எண்ணியது. கைராசி என்று ஊர் சொல்வதில் ஒரு பங்கு இந்தக் கணக்கு.

இந்தக் கேள்வியைச் சென்னையில் முறையாகக் கேட்டார்கள். எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் ஹெப்பரைற்றிஸ் பி கிருமியை உடலில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லித் தூளை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். இன்னொரு குழுவுக்கு வெறும் போலி மருந்து. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் இல்லாமற் போயிற்று. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. 1988இல் லண்டனின் லான்செற் சஞ்சிகையில் இது வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பின்பு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம் வேறா, மண் வேறா, பிடுங்கிய காலம் வேறா, அல்லது முதற் பலனே தற்செயலா என்று வாதம் நடந்தது. இன்று ஹெப்பரைற்றிஸ் பி-க்குக் கீழாநெல்லியை நிரூபித்த மருந்தாக எவரும் சொல்வதில்லை.

இந்தக் கதையைச் சிலர் சித்த வைத்தியத்தின் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. 37, 22, 23, 1 என்ற நான்கு எண்ணால் ஒரு கேள்வி உலகத்துக் கேள்வியாயிற்று. அதேபோன்ற எண்களால் அது மறுக்கவும்பட்டது. மறுக்க முடிந்தது என்பதே அதன் பெருமை. தலைமுறை தலைமுறையாகக் கீழ்க்காய்நெல்லி கொடுத்த எங்கள் ஒழுங்கைகளில் அந்த நான்கு எண்ணில் ஒன்றுகூட இல்லை. இங்கே பரியாரியார் தோற்கிறார்.

பட்டதாரி வென்றாரா? எண்ணிக்கை வைக்கும் முறை அவருக்குத் தெரியும். பட்டப்படிப்பில் ஆய்வும் செய்தார். ஆனால் வரிசையில் நிற்கும் நோயாளிக்கு மருந்துத் துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பியபின், ஆறு மாதம் கழித்து அவருக்கு என்னாயிற்று என்று தேடிப் போக அவருக்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. எண்ணத் தெரிந்தும் எண்ணாமல் விடுவது எண்ணத் தெரியாமல் விடுவதைவிட எப்படி உயர்ந்தது?

கை விடும் அறிவு

நோயைத் தீரும் நோய், தீராத நோய் என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் வைத்திய மரபின் பழைய பாடம். அதன் உட்பொருள்: தொடத் தகாததைத் தொடாதே. நல்ல பரியாரியார் நாடியை விட்டுவிட்டு, “இது என்ர கையில இல்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ” என்று சொல்லத் தெரிந்தவர். அப்படிச் சொன்னால் பெயர் கெடும் என்று பயந்தவரால் போன உயிர்களும் உண்டு.

பாம்புக்கடியில் இந்தக் கோடு இன்று தெளிவானது. புடையனோ நாகமோ கடித்தால் நஞ்சு முறிப்பது ஊசி வழியாகப் போகும் எதிர்நஞ்சு மருந்துதான். அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கடித்தது விஷமில்லாத பாம்பு என்றால் பச்சிலையும் ‘பலிக்கும்’. விஷப் பாம்பு நஞ்சு விடாமல் கடித்திருந்தாலும் பலிக்கும். எது எது என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. முறிவு நெரிவு வைத்தியம் வேறு கதை: கட்டும் எண்ணெயும் பழகிய கையும் பலருக்கு உதவியிருக்கிறது, இன்றும் சனம் தேடிப் போகிறது. அங்கும் எக்ஸ்ரே எடுத்தபின் கட்டுவதே நேர்மை.

இந்த இடத்தில் பட்டதாரிக்கு ஒரு வசதி உண்டு. மேலைத்தேய உடற்கூறு படித்ததால் ஆபத்தின் அறிகுறி அவருக்குத் தெரியும். மற்ற டொக்டருக்கு விளங்கும் மொழியில் ஒரு கடிதம் எழுதியும் அனுப்பலாம். கைதடிக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் இடையில் ஒரு கடிதம் போய்வருமானால், நோயாளி இரண்டு வைத்தியத்துக்கும் நடுவில் ஒளித்து விளையாட வேண்டியதில்லை.

தீர்ப்பு

இருவரில் யாரிடம் உரிமம் இருக்க வேண்டும் என்று கேட்டால், பட்டதாரியிடம் என்பேன். படிப்பைச் சோதிக்கலாம், பிழையை விசாரிக்கலாம், பெண்ணும் வறியவர் பிள்ளையும் உள்ளே வரலாம். பரம்பரை என்ற ஒன்றை மட்டும் தகுதியாக வைத்தால் இந்த மூன்றும் இல்லை. ஆனால் செடியைக் காட்டிக் கொடுக்கும் பரீட்சையில் பரிசோதகர் நாற்காலியில் பரியாரியார் இருக்க வேண்டும். கைதடியில் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு மாரியும் ஒரு கோடையும் வலிகாமத்து வேலிகளில் ஒரு மூத்த கையோடு நடந்து, பச்சையிலும் காய்ந்த நிலையிலும் நூறு செடியை அடையாளம் சொல்லட்டும். வேலிகள் மதிலாகிக்கொண்டு வருகின்றன. பாத்திக் களைக்கு மருந்து அடிக்கிறோம். காட்டிக் கொடுக்க ஆளிருந்தும் செடி இல்லாத நாள் தூரத்தில் இல்லை.

மிச்சமிருக்கும் பரியாரியாருக்கு ஒரு கொப்பி வேண்டும். திகதி, நோய், கொடுத்த இலை, அளவு, பின்பு நடந்தது என்று ஐந்து நிரல். ஐந்தாவதில் ‘திரும்பி வரவில்லை’ என்பதையும் எழுத வேண்டும். எழுதக் கை நடுங்கினால் பேரப்பிள்ளை எழுதட்டும். ஏட்டில் உள்ளதைப் பொன்னையாபிள்ளை அச்சேற்றினார். ஏட்டில் இல்லாததை, அதாவது பலிக்காததை, எழுதும் வேலை இன்னும் தொடங்கவில்லை.

வாசகருக்கும் ஒரு வேலை உண்டு. அதிமதுரம் கூடிப் போனால் இரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். பாகற்சாறு, சீனி வருத்தக் குளிசையோடு சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். இலைமருந்து ஒன்றும் செய்யாது என்ற நினைப்பே இரண்டு டொக்டரிடமும் ஒன்றை மறைக்க வைக்கிறது. பெரியாஸ்பத்திரியில் கிளினிக் கொப்பியை நீட்டும்போது, வீட்டில் குடிக்கும் கசாயத்தின் பெயரையும் சொல்லுங்கள். சித்த வைத்தியரிடம் போகும்போது போடும் குளிசைகளின் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.